கடலடியில் வேலை: பாம்பனின் சுண்ணாம்பும் பாசியும்



எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் கடையர் பற்றிய குறிப்பு சிறியது. பள்ளரின் ஓர் உட்பிரிவு, இராமேசுவரம் சுற்றுவட்டாரத்தில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுபவர்கள், முத்துக்குளிப்போரில் ஒரு பகுதியினர் இவர்களே என்கிறார். பெயருக்குக் 'கடைசி' என்று பொருளும் சொல்லிவிடுகிறார். அந்த முத்து யார் கழுத்துக்குப் போனது, அந்தச் சுண்ணாம்பு யார் வீட்டுச் சுவரில் ஏறியது என்று அவர் கேட்கவில்லை. (2021இல் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்று இணைத்த சட்டத்திருத்தம், இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கரையோரக் கடையரை அதில் சேர்க்கவில்லை. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.)

காளவாய்களுக்குச் சிப்பி மட்டும் போதவில்லை. பவளப்பாறையையும் கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். 1986இல் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. பாறையைக் காப்பது சரிதான். ஆனால் குற்றவாளியானவர் கடப்பாரை பிடித்தவர். கல்லை வாங்கியவரின் பெயர் எந்த வழக்கிலாவது ஏறியதா என்று தேடிப் பாருங்கள்.

சுண்ணாம்பு போன இடத்தில் பாசி இருந்தது. 1960களில் அகர் தொழில் வளர்ந்தபோதே பெண்கள் பாசிக்கு இறங்கிவிட்டார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மூழ்கி மூழ்கி எடுப்பார்கள். பாறை கிழித்த கையும், சொறி பட்ட தோலும், உப்பில் எரியும் கண்ணும் அன்றாடம். நகரத்தில் ஐஸ்கிரீம் கட்டிபடாமல் வழுவழுப்பாக இருப்பதற்கும், பற்பசை தண்ணீராக ஓடாமல் நிற்பதற்கும் இந்தப் பாசிகளின் சாறு உதவுகிறது. நவீன வாழ்க்கை உடல்நலத்தைக் கெடுக்கிறது என்ற பேச்சில் இந்த உடல்கள் வருவதே இல்லை. இவர்கள் எல்லோரும் கடையர் அல்லர். வேறு சாதிப் பெண்களும் உண்டு. யாருக்கும் சொந்தப் படகோ நிலமோ பெரிதாக இல்லை என்பது பொதுவானது.

அடுத்து வந்தது கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் கடலின் பாசி. மண்டபத்தில் அரசு ஆய்வு நிலையம் வளர்த்துப் பார்த்தது. 2000ஐ ஒட்டிப் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்தச் சாகுபடியாகப் பரப்பியது. மூங்கில் மிதவையில் கட்டினால் சுமார் 45 நாளில் அறுவடை. மூழ்க வேண்டாம், கையில் காசு. பெண்கள் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. 2005 டிசம்பரில் அரசாணை, மன்னார் வளைகுடாவின் தீவுப் பகுதியில் வளர்க்கக் கூடாது, பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடாவில் வளர்க்கலாம் என்று கோடு கிழித்தது. பாசிக்குக் கோடு தெரியாது. பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின்மேல் போர்வையாகப் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிறகு கடல் சூடேறிய ஆண்டுகளில் மிதவைப் பாசியே பெருமளவு அழிந்தது. நட்டம் மிதவைக்காரருடையது.

இதற்கிடையில் பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் சில நாள் மட்டும், கையால் மட்டும், இழுவைப்படகுத் தடைக்காலத்தில் கடலுக்கு ஓய்வு. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்ததும் இதற்காகத்தான். ஆனால் தீவருகே இறங்கும் உரிமை அவர்களுக்குச் சட்டத்தில் எழுதப்படவில்லை. 2023இல் இதே மாவட்டத்தில் 127 கோடி ரூபாய் மதிப்பில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதன் நிர்வாகத்தில் பாசி எடுப்பவருக்கு எத்தனை இடம் என்பதை நம் மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும்.