தேய்மானக் கணக்கும் மோரிஸ் மைனரும்

பழைய பொருளை மனிதர்கள் இரண்டு விதமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஒன்று, அதை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது. மற்றது, அதனிடம் வேலை வாங்கிக்கொண்டே இருப்பது. முதல் வகைக்கு ம்யூசியம், கண்ணாடிப் பெட்டி, பொன்னாடை, நூற்றாண்டு விழா எல்லாம் உண்டு. இரண்டாம் வகைக்கு ஒரு பட்டறையும் அழுக்குத் துணியும் இருந்தால் போதும். அதனாலேயே அதற்குச் சரித்திரம் எழுதுகிறவர்களும் குறைவு. இலக்கியப் பத்திரிகையில் காருக்கு என்ன ஜோலி என்று கேட்கப்போகும் நண்பர்கள், நாம் மரபைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இரண்டில் எதைப் பேசுகிறோம் என்பதே தெளிவில்லாமல் பேசிவருகிறோம் என்பதை யோசித்துப் பார்க்கலாம். எனக்கு இந்தப் பிரச்னை ஸ்தூலமாகப் புலப்பட்டது ஒரு காரின் சரித்திரத்தில்தான். மோரிஸ் மைனர்.

1948 அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ், ஸ்மிர்னாவில் பிறந்து வாலிபத்தில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர். பின்னால் 1959இல் மினி காரையும் செய்தவர் இவரே. யுத்த காலத்திலேயே தொடங்கிய வேலை. அப்போது அதற்கு வைத்த பெயர் மஸ்கிட்டோ, கொசு. கடைசிக் கட்டத்தில், உற்பத்திக்குப் போகவேண்டிய நேரத்தில், வடிவம் இசிகோனிஸுக்கு ஒப்பவில்லை. ரொம்ப ஒடுங்கலாகத் தெரிந்தது. மாதிரிக் காரை நடு முதுகில் நீளவாக்கில் அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்து, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி 4 அங்குலம். மைனரின் பானெட்டில் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலம்தான். பம்பர்களை ஏற்கெனவே செய்து வைத்துவிட்டார்கள். அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். ஆரம்ப கால மைனர்களில் அந்த ஒட்டு நன்றாகவே தெரியும்.

ஆக, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அது ஒட்டுப்போட்ட கார். இது அந்தக் காரின் ஸ்வபாவம் என்றே சொல்வேன். அதற்கென்று யோசித்த என்ஜினும் அதற்குக் கிடைக்கவில்லை. இசிகோனிஸ் கிடைமட்டமாகப் படுத்த நான்கு சிலிண்டர் என்ஜினை நினைத்திருந்தார். பணமும் காலமும் இடம் தரவில்லை. யுத்தத்துக்கு முந்திய மோரிஸ் எய்ட்டின் 918 சி.சி. என்ஜினை உள்ளே வைத்து அனுப்பினார்கள். 1952இல் மோரிஸும் ஆஸ்டினும் ஒன்றாக இணைந்ததும் ஆஸ்டினின் 803 சி.சி. என்ஜின் வந்தது. 1956இல் 948. 1962இல் 1098. தொடக்கத்தில் கீழே கிரில்லோடு கிரில்லாக இருந்த முகப்பு விளக்குகள், அமெரிக்கச் சட்டத்துக்கு அவ்வளவு தாழ்வாக இருக்கக்கூடாது என்பதால் மேலே ஏறி மட்கார்டில் உட்கார்ந்தன. இரண்டு துண்டாக இருந்த முன் கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியானது. இத்தனைக்கும் நடுவே மாறாமல் நின்றவை சில: ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்பக்கத்து டார்ஷன் பார், தனிச் சேஸிஸ் இல்லாமல் உடம்பே சட்டமாக நிற்கும் கட்டுமானம், குடும்பத்து வளைவு போன்ற அந்த முதுகு. கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபு அதை வேகவைத்த முட்டை என்று இகழ்ந்ததாகச் சொல்வார்கள். முட்டை 1960 டிசம்பரில் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்டது. பிரிட்டனில் எந்தக் காரும் அதற்கு முன் அதைத் தொட்டதில்லை. 1971இல் கடைசி வண்டி இறங்கியபோது மொத்தம் ஏறக்குறைய 16 லட்சம்.

இது வரைக்கும் சாதாரணத் தொழில் சரித்திரம். விஷயம் உண்மையில் தொடங்குவது உற்பத்தி நின்ற பிறகு.

1976இல் பாத் நகரில் சார்ல்ஸ் வேர் என்பவர் மோரிஸ் மைனர் சென்டர் என்று ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதற்கு முன் சொத்து வியாபாரத்தில் இருந்தவர். பழைய கார் பிரியர்கள் அப்போதே இங்கிலாந்தில் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் நிறுத்தி, க்ரோமியத்தைத் துடைத்து, எந்தத் திருகாணி எந்த வருஷத்தது என்று தர்க்கித்து, பரிசு வாங்கி, ட்ரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் கூட்டம். வேர் அவர்களிடம் பேசவில்லை. தினமும் ஆபீஸுக்குப் போகிறவனிடம் பேசினார். 1982இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே நீடித்து உழைக்கும் காரை உடைமையாக வைத்துக்கொள்வதைப் பற்றியது. அழகு, கடந்த காலம், ஏக்கம் இவற்றின்மேல் தன் வாதத்தை நிறுத்தாமல் கணக்கின்மேல் நிறுத்தினார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை.

அந்தக் கணக்கு எனக்குத் தொழில்முறையில் பழக்கம். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுகிறோம், மீந்த மதிப்பின்மேல். 10 லட்ச ரூபாய்க் கார் ஐந்து வருஷத்தில் 4,43,000 சொச்சம். பத்து வருஷத்தில் 1,97,000க்குக் கொஞ்சம் குறைவு. இந்த முறையில் மதிப்பு ஒருநாளும் பூஜ்யத்தைத் தொடாது என்பது ஒரு வேடிக்கை. லெட்ஜரில் எந்தக் காரும் சாவதில்லை, இளைத்துக்கொண்டே போகிறது. தெருவில் நடப்பது இன்னும் கொடூரம்: ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே ஒரு பெரிய துண்டு போய்விடுகிறது. ஆறேழு வருஷத்தில் விற்றுவிட்டு அடுத்ததை வாங்குகிற ஆசாமி, பெட்ரோலுக்கும் ரிப்பேருக்கும் ஆகும் செலவைப் பற்றித்தான் முனகுவான். மதிப்பு கரைந்த தொகை எந்த ரசீதிலும் வராததால் அவன் கண்ணில் படுவதில்லை. வேர் கேட்டது இதுதான்: கரைந்துபோகிற அந்தத் தொகையை, ஏற்கெனவே கரைந்து முடிந்துவிட்ட ஒரு நல்ல காரைத் திருப்பிக் கட்டுவதில் போட்டால் என்ன? வருஷத்துக்கு இவ்வளவு என்று திட்டம் போட்டு, இந்த வருஷம் அடித்தளம், அடுத்த வருஷம் பிரேக்கும் ஸ்பிரிங்கும், அதற்கடுத்து என்ஜின் என்று கட்டிக்கொண்டே போனால், செலவு காருக்குள்ளேயே தங்கும். பணமும் வெல்டருடைய கூலியாகவும் லேத்காரருடைய கூலியாகவும் ஊருக்குள் சுற்றும். முப்பது வருஷத்துக் காரைப் பிரித்துக் கட்டுவதற்குக் கடன் கொடுக்க எங்களிடம் படிவம் இல்லை. புதிதாகப் பிறப்பதற்குத்தான் கடன், பிழைத்திருப்பதற்கு இல்லை.

வாங்குகிறவனுக்கான பாடமும் இந்த வாதத்திலிருந்தே வருகிறது. காட்சிக்கு வாங்குகிறவன் மேலேயிருந்து பார்க்கிறான். ஓட்ட வாங்குகிறவன் கீழே படுத்துப் பார்க்கவேண்டும். மைனருக்குத் தனிச் சேஸிஸ் இல்லை என்றேன். கதவுக்குக் கீழே ஓடும் ஸில், முன்தரைக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம், பின் ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், ஜாக்கி வைக்கும் இடங்கள் இவையே அதன் எலும்பு. ஈரம் போய்த் தங்குவதும் இங்கேதான். பளபளவென்று பெயிண்ட் அடித்து, துருவின்மேல் பட்டி பார்த்து மூடியிருப்பார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் பொய் உதிர்ந்துவிடும். என்ஜின் புகை விடுகிறதே என்று பயந்து விலகுகிறவர்கள் தப்பான இடத்தில் பயப்படுகிறார்கள். அந்தக் காரில் மலிவாகச் சரிசெய்யக்கூடியது என்ஜின்தான். பின்பக்கம் மரச் சட்டம் வைத்த ட்ராவலர் வகையில் இன்னொரு விசேஷம்: அந்த ஆஷ் மரம் அலங்காரமில்லை, கூரையையும் பக்கங்களையும் தாங்குவது அதுதான். மரம் உளுத்தால் வண்டி தகுதிச் சோதனையில் தோற்றுப்போகும். சோதனைக்காரர் காருக்கடியில் போய்ப் பார்ப்பதோடு தச்சனுடைய வேலையையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

இன்னொரு இடம் முன்சக்கரத்தின் கீழ் ட்ரன்னியன். மரையோடு சுழலும் ஒரு மூட்டு. முறையாகக் கிரீஸ் அடித்துவந்தால் காலகாலத்துக்கும் நிற்கும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிக் கார் முழங்கால் போட்டுவிடும். கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் காருக்கு இந்த ஆபத்து கிடையாது. அதற்கு வேறு ஆபத்து. பிரேக் சிலிண்டர் இறுகிக்கொள்ளும், ரப்பர் வெடிக்கும், டாங்கில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். தினம் ஓடுகிற காரின் நோய்களைக் காது கேட்டுவிடும். நிற்கிற காரின் நோய்கள் சத்தம் போடுவதில்லை.

தினமும் ஓட்டுவதென்றால் மாற்றாமல் முடியாது. இங்கேதான் பக்தர்களுக்குக் கோபம் வரும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்பது 1948இன் போக்குவரத்துக்குச் சரி. இன்று முன்னால் போகிற வண்டி பிரேக் போட்டால் அதன் தூரத்தில் நாமும் நிற்கவேண்டும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர், தூணிலிருந்து கைபோல் நீளும் பழைய சிக்னலுக்குப் பதில் மினுக்கும் விளக்கு, ஸீட் பெல்ட். வால்வு விஷயம் வேறு: பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு இருக்கைகளைக் காத்து வந்தது. 2000ஆம் வருஷத்தோடு பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. ஆகவே ஸிலிண்டர் ஹெட்டில் கடினமான இருக்கைகளைப் பதிக்கவேண்டும். இப்போது இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும், அவற்றையும் மாற்றியாகவேண்டும். டிஸ்க் பிரேக் எங்கிருந்து என்றால், மைனரை ஒழித்துவிட்டு 1971இல் அதே இடத்துக்கு வந்த மோரிஸ் மரீனாவிலிருந்து. அதன் முன்பக்க அமைப்பு மைனரிலிருந்தே வந்ததால் பொருந்திவிடுகிறது. மரீனாவைத் தேடி ஓட்டுகிறவர்கள் சொற்பம். வாரிசு உதிரி பாகமாக மிஞ்சி, மூதாதையை ஓடவைத்துக்கொண்டிருக்கிறது. தலைமுறைகளைப் பற்றி விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் மாற்றிய பிறகு அது அதே காரா? கல்லூரியில் தத்துவம் ஒரு பேப்பராகப் படித்தவர்கள் உடனே தீஸியஸின் கப்பலை இழுப்பார்கள். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய அந்தக் கப்பலை வைத்து ஏதென்ஸில் தத்துவவாதிகள் வாதாடினார்கள் என்று ப்ளூட்டார்க் எழுதியிருக்கிறார். நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுவது ப்ளேட்டோவில் வரும் செய்தி. அந்தக் கப்பல் கரையில் சும்மா நிற்கவில்லை. ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்குப் போய்த் திரும்பியது. அது திரும்பும்வரை ஊரில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக்கூடாது என்பதால்தான் ஸாக்ரடீஸுக்குச் சிறையில் அத்தனை நாள் பேச அவகாசம் கிடைத்தது. பலகை மாற்றப்பட்டது கடலுக்குப் போகவேண்டியிருந்ததால். அதே கப்பலா என்ற கேள்வி கரையில் உட்கார்ந்திருந்தவர்களுடையது. ஓட்டுகிறவனுக்குத் தண்ணீர் ஒழுகுகிறதா என்பதே கேள்வி.

மைனர் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: எந்த மைனரை மூலப் பிரதி என்பது? 918இனுடையதா, 1098இனுடையதா? அறுபடாத, ஒடுங்கிய கொசுவா? பாடபேதங்களே பிரதியாக இருக்கும் ஒரு பொருளுக்குச் சுத்த பாடம் தேடுவது, கோயில் தூண்களை மணல் வீசிச் சுத்தம் செய்து சிற்பத்தின் மூக்கையும் எழுத்தையும் சேர்த்து உதிர்த்த திருப்பணி போன்றது.

நம் நாட்டுச் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதிகள் செய்தது. 50 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கவேண்டும். சேஸிஸ், உடம்பு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. என்ற எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும், 10 வருஷத்துக்கு. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் தெருவுக்குக் கொண்டுவரலாம். வழக்கமான உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. அதாவது, ஓடாமல் இருக்கச் சம்மதித்தால் கௌரவம். இந்தப் பதிவு கட்டாயமில்லை, நியாயத்துக்குச் சொல்லவேண்டும். சாதாரண நம்பரிலேயே எஃப்.சி. காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டலாம். அந்தக் கட்டணம் காருக்கு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று, அதன்பிறகும் ஏறியிருக்கிறது. பிரிட்டனில் நிலை வேறு. 40 வருஷம் தாண்டி, பெரிதாக மாற்றப்படாத காருக்கு 2018 மே முதல் வருஷாந்தரத் தகுதிச் சோதனையே கட்டாயமில்லை, தினமும் ஓட்டத் தடையும் இல்லை. பத்திரத்துக்கும் பராமரிப்புக்கும் செய்த மாற்றங்களை அங்கே பெரிய மாற்றமாகக் கணக்கிடுவதில்லை. சோதனையே வேண்டாம் என்பது எனக்கு உடன்பாடில்லை. துருவைப் பற்றி மேலே சொன்னதற்குப் பிறகு எப்படி உடன்பட முடியும்? ஆனால் மாற்றத்தை அவர்கள் புரிந்துகொண்ட விதம் சரி.

இந்தியாவுக்கு மைனர் அந்நியமில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் தொடக்கத்தில் அதை பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் விற்றது. பிறகு மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த அம்பாஸடரை 2014 வரை புதிது புதிதாகச் செய்துகொண்டே இருந்தது. பழையதைப் புதிதாக உற்பத்தி செய்தோம். இருப்பதைத் திருப்பிக் கட்டுவதை ஒரு தொழிலாக நாம் எண்ணவில்லை. அந்த வேலையைப் புதுப்பேட்டையிலும் ஒவ்வொரு ஊர்ப் பட்டறையிலும் டிங்கர்கள் செய்தபடிதான் இருந்தார்கள், பெயர் வைக்காமல்.

பெயர் வைத்துச் செய்தது இலங்கை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த நாட்டில், இருந்த கார்களையே ஓட்டியாகவேண்டியிருந்தது. மைனர்கள் அங்கே ரசனைக்காகப் பிழைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகவேண்டியிருந்ததால் பிழைத்தன. தகட்டை அடித்து வளைக்கத் தெரிந்த கைகள் அங்கே மிஞ்சியிருந்தன. வேர் 1990களில் அந்தக் கைகளைத் தேடிப் போனார். இலங்கையில் மைனருக்குத் தகடுகளும் பாகங்களும் செய்யும் ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கௌலியில் அச்சுகள் நின்றுபோய் இருபது வருஷம் ஆனபின், பாத் நகரில் படுத்துக் கிடந்த ஒரு காருக்கான மட்கார்டு கொழும்பிலிருந்து கப்பலேறியது.