ஒற்றர் கதையும் முகமூடியும்

ஒற்றர் கதை என்றால் நம்மவர்க்கு என்றைக்கும் ஆவல் மிகுதி. பேய்க்கதை என்றாலோ அதனினும் மிகுதி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுக்க வல்லவன் நம் இளைஞர்களை இரவெல்லாம் உறங்கவொட்டாமல் செய்துவிடுவான். அந்த வித்தையில் இன்று கைதேர்ந்தவர்கள் ஜப்பானியச் சித்திரப்படக்காரர்கள். ஆயர் ஈத்தாமில், கெக் லோக் சி கோவிலின் அடிவாரத்துக் கடைகளில், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அப்படங்களில் மூழ்கியிருக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

"பகுத்தறிவு பேசுவோர்க்குப் பேய்ப்படத்தில் என்ன வேலை?" என்று அன்பர் சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. கதையிலே மாயம் இருப்பதனால் பெருங்கேடு ஒன்றும் வந்துவிடாது. கதையென்று தெரிந்தே அதைக் கேட்கிறோம். சரித்திரத்திற்குள் மாயம் புகுந்துவிட்டால்தான் கேடு. இந்த வேற்றுமையை விளக்க ஆயர் ஈத்தாமுக்கு அருகிலேயே ஓர் உண்மை ஒற்றர் வரலாறு கிடக்கிறது. அதற்குப் போகுமுன், ஒற்றர் கதை நம்மிடையே எவ்வாறு சொல்லப்பட்டு வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம்.

பண்டை வழக்கு

வள்ளுவர் ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். குறளில் அது 59-ஆம் அதிகாரம். அதில் மந்திரமும் இல்லை, தந்திர மையும் இல்லை. ஒற்றன் ஐயுறப்படாத உருவத்தோடு செல்லவேண்டும்; துறவியின் கோலம் பூண்டாலும் பூணலாம்; யார் என்ன துன்பம் செய்தாலும் சோர்ந்து மனத்திலுள்ளதை வெளியிடலாகாது; ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆளவேண்டும்; மூவர் சொல்லும் ஒத்திருந்தால்தான் நம்பவேண்டும் என்றெல்லாம் கூறுகிறார். முடிவில், ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது, செய்தால் மறைபொருள் வெளிப்பட்டுவிடும் என்று ஒரு விதியும் வைக்கிறார். இவ்விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சிலப்பதிகாரத்திலும் ஒற்றர் வருகின்றனர். செங்குட்டுவன் வடநாட்டுப் படையெடுப்பைக் கருதியபோது, பிற நாட்டு மன்னருடைய ஒற்றர் வஞ்சி மாநகரின் வாயிலைவிட்டு அகலுவதில்லை; ஆதலால் நம் ஊரிலேயே முரசறைந்தால் போதும், செய்தி தானே போய்ச் சேரும் என்று அழும்பில்வேள் சொல்லுகிறான். பகைவனுடைய ஒற்றனையே தன் தூதனாக்கிக் கொள்ளும் அறிவு இது.

இராமாயணத்துக்கு வந்தாலோ நிலைமை மாறிவிடுகிறது. இராவணன் அனுப்பிய ஒற்றர் குரங்கின் வடிவெடுத்துப் பகைப்படைக்குள் நுழைகின்றனர். வீடணன் அவர்களைக் கண்டுகொள்கிறான். இங்கே வேடம் மாயமாகிவிட்டது. விக்கிரமாதித்தன் கதையில் மாயத்தோடு நிபந்தனையும் சேருகிறது. முருங்கை மரத்தில் தொங்கும் உடலிலிருந்து வேதாளம் கதை சொல்லும். விடை தெரிந்தும் அரசன் வாய்திறவாவிடின் தலை வெடித்துவிடும். வாய்திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். பேசினாலும் இழப்பு, பேசாவிடினும் இழப்பு. மாயம் இலவசமாகக் கிடைப்பதன்று என்பதைப் பாமர மக்களின் கதையே இவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தது.

நாவலும் சினிமாவும்

அச்சு இயந்திரம் வந்தபின் துப்பறியும் நாவல்கள் பெருகின. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழ் உடுப்பு உடுத்தி உலவவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். துறவிக் கோலத்தில் உளவறிவது வள்ளுவர் கூறிய முறையேயன்றோ? அந்தச் சாமியார் 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமொன்றிலும் தோன்றினார். நம்பியார் பல வேடங்களில் வந்து நடித்தார்.

இவ்வகைக் கதைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நள்ளிரவு, பாழடைந்த பங்களா, வெள்ளுடை உடுத்த பெண், எங்கிருந்தோ வரும் பாட்டு என்று முதலில் நம்மை நடுங்கவைப்பார்கள். கடைசியில், பேய் என்று நாம் அஞ்சியது சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினனின் சூழ்ச்சி என்று வெளியாகும். 1966-இல் வந்த "யார் நீ" என்னும் படம் இம்முறையில் முடிவதே. இதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. முகமூடியைக் கழற்றினால் உள்ளே மனிதன்தான் இருக்கிறான் என்ற பாடம் நல்ல பாடம். ஆயினும் ஒரு குறையும் உண்டு. பேய் பொய்யென்று தெரிந்தவுடன் போலீஸார் வருவர், குற்றவாளி அகப்படுவான், "சுபம்" என்ற எழுத்துத் தோன்றும். துப்பறிந்தவன் அதற்காக எதை இழந்தான் என்ற கேள்வியே எழுவதில்லை.

ஜப்பானியர் கதை

2007-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் "டார்க்கர் தேன் பிளாக்" என்றொரு சித்திரத்தொடர் வந்தது. இயக்கியவர் டென்சாய் ஒகாமுரா. தயாரித்தது போன்ஸ் நிறுவனம். பெயருக்குக் "கறுப்பினும் கறுப்பு" என்று பொருள் சொல்லலாம். ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயருக்கும் "கறுப்புத் தண்ணீர்" என்றே பொருள்.

கதை இதுதான். தோக்கியோ நகரில் விளங்காத ஒரு வாயில் தோன்றுகிறது. உண்மையான வானம் மறைந்து பொய் நட்சத்திரங்கள் முளைக்கின்றன. சில மனிதர் மாயசக்தி பெறுகின்றனர்; ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம். அவர் இறந்தால் அது விழும். பல நாட்டு உளவு நிலையங்களும் அவர்களை ஏவலாட்களாக்கிக் கொலைக்கும் களவுக்கும் அனுப்புகின்றன. கதாநாயகன் பகலில் சாதுவான சீன மாணவன். இரவில் வெள்ளை முகமூடி அணிந்த ஒற்றன்.

இக்கதையின் சிறந்த அம்சம், சக்தியைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவரும் அதற்கு விலை கொடுத்தே ஆகவேண்டும் என்னும் விதி. ஒருவன் தன் விரலைத் தானே முறித்துக்கொள்ள வேண்டும். ஒருவன் கூழாங்கற்களை வரிசையாக அடுக்க வேண்டும். ஒருவன் தான் வெறுக்கும் சிகரெட்டைப் புகைக்க வேண்டும். ஒருத்திக்கோ வயது குறைந்துகொண்டே போகிறது. சக்தியை மிகுதியாகச் செலவிட்டால் அவளே இல்லாமற் போய்விடுவாள். வேதாளத்தின் நிபந்தனை புதிய உடையில் வந்திருக்கிறது என்றே நாம் சொல்லுவோம்.

இன்னும் மூன்று வழக்கங்கள் அதிலே உண்டு. சக்தி பெற்றவர்க்கு உணர்ச்சி இல்லை, கணக்கு மட்டும் உண்டு என்று எல்லோரும் சொல்லுகின்றனர். கதை நகர நகர அது பொய்யென்று நமக்குப் புலப்படுகிறது. அவர்களை அனுப்பும் மேலிடத்தின் முகம் தெரிவதேயில்லை. அனுப்பப்பட்டவர் அழிந்தால் அதற்கு வருத்தமும் இல்லை. கண்ணால் கண்ட பொதுமக்களுடைய நினைவோ அழிக்கப்படுகிறது. மறுநாள் ஊர் எதுவும் நடவாததுபோல் எழுந்து வேலைக்குப் போகிறது. முகமூடி, விலை, முகமற்ற மேலிடம், அழிந்த நினைவு என்னும் இந்நான்கும் கற்பனை என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் பினாங்கு ஒதுக்க இயலாது.

கிரீன் லேனில் நடந்தது

ஆயர் ஈத்தாமிலிருந்து நகரை நோக்கி ஆயர் ஈத்தாம் ரோட்டில் வந்தால், இன்று மாநிலப் பள்ளிவாசல் இருக்குமிடத்தில் கிரீன் லேன் பிரிகிறது. அங்கேதான் பினாங்கு பிரீ ஸ்கூல் இருக்கிறது. 1816-இல் தொடங்கிய அப்பள்ளி 1928-இல் அவ்விடத்துக்கு வந்தது. 1941 டிசம்பர் 19-இல் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். 1942-இல் அப்பள்ளிக் கட்டடத்தில் இந்திய சுவராஜ்யப் பயிலகம் என்றொரு நிலையம் நடந்தது. இந்திய சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்த பினாங்கு வழக்கறிஞர் ந. இராகவன் அதன் பொறுப்பை ஏற்றிருந்தார். மலாயாவில் இருந்த இந்திய வாலிபர்கள் தாய்நாட்டுக்குள் இரகசியமாகப் புகுந்து வேலைசெய்ய அங்கே பயிற்சி பெற்றனர்.

அவர்கள் ஆகாயத்தில் பறக்கவில்லை, சுவரில் ஊடுருவவில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். வக்கம் அப்துல் காதர் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊரினர், 1917-இல் பிறந்தவர். அவரும் தோழர் சிலரும் 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, மலையாளக் கரையில் தானூர் அருகே இறங்கினர். வேறொரு கூட்டத்தார் கத்தியவார்க் கரையில் இறங்கினர். மற்றுஞ்சிலர் பர்மா வழியாகத் தரைமார்க்கமாகச் சென்றனர். தானூரில் இறங்கியவர்கள் வெகுவிரைவில் ஊரார் கண்ணில் பட்டுப் போலீஸார் கையில் அகப்பட்டனர். மாயம் இருந்திருந்தால் அன்று உதவியிருக்கும்!

மேலிடம் எவ்வாறு நடந்தது? ஜப்பானியரின் உளவு அமைப்பான இவாகுரோ கிக்கான், மாணவர் சிலரை இராகவனுக்குத் தெரிவிக்காமலே இந்தியாவுக்கு அனுப்பிவிட்டது. அதைப் பொறாத அவர் பயிலகத்தை மூடினார். அதன் பயனாக வீட்டுக்காவலும் அடைந்தார். அனுப்பியவர்க்கு இவ்விளைஞர்கள் செலவிடத்தக்க நாணயங்கள், அவ்வளவே. அகப்பட்டவர்கள்மீது சென்னையில் வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் இருபதின்மர். அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10-இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். முஸ்லிம், மலையாளி இந்து, வங்காளி, சீக்கியர் என்று நான்கு திசையினர்; கயிறு சாதி மதம் பார்க்கவில்லை. இறப்பதற்குமுன் காதர் தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார். ஒற்றனுக்கு உணர்ச்சி இல்லையென்று சொல்லுகிறவர்கள் அந்தத் தந்தையின் நிலையை எண்ணிப் பார்க்கட்டும்.

முகமூடியின் செய்தியும் பினாங்கில் உண்டு. அது நமக்குப் பெருமை தருவதன்று. சித்திரத்தொடரில் முகமூடி அணிவது கதாநாயகன். 1942-இல் பினாங்கில் முகமூடி அணிந்தவன் காட்டிக்கொடுப்பவன். கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீஸார் மக்களை வரிசையாக நிறுத்துவர். தலையை மூடிக்கொண்ட ஒருவன் முன்னே கொண்டுவரப்படுவான். அவன் யாரைச் சுட்டினானோ அவர் கொண்டுபோகப்படுவார். இந்தக் கொடுமைக்கு மிகுதியும் பலியானவர் சீனர். அந்த மூடியின் உள்ளே இருந்தது பேயா? இல்லை. அண்டை வீட்டுக்காரனாகவும் இருக்கலாம், கடைக்காரனாகவும் இருக்கலாம், தானே சித்திரவதைக்கு அஞ்சி அங்கே வந்து நின்றவனாகவும் இருக்கலாம்.

நினைவும் கடமையும்

இனி, அழிந்த நினைவைப்பற்றி ஒரு வார்த்தை. சித்திரத்தொடரில் நினைவை அழிக்க ஒரு கருவி வேண்டியிருக்கிறது. நமக்கோ கருவி வேண்டியதில்லை. அலட்சியம் ஒன்றே போதும். சயாம் மரண இரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர், திரும்பாதவர் பல்லாயிரவர். லயங்களில் அவர்களுடைய பெயரைச் சொல்லக்கூடிய முதியோர் நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர். பெயர் மறைந்த இடத்தில் என்ன வளருகிறது? "அந்த மரத்தடியில் ஜப்பான்காரன் ஆவி நடமாடுகிறது", "அந்தப் பள்ளிக்கூடத்தில் தலையில்லா முண்டம் உலவுகிறது" என்னும் கட்டுக்கதைகள் வளருகின்றன. மனிதன் மறக்கப்பட்ட இடத்திலே பேய் குடியேறுகிறது. சரித்திரத்தில் மாயம் புகுவது இப்படித்தான். கொலை செய்தவன் யார், ஏவியவன் யார், காட்டிக்கொடுத்தவன் யார் என்ற கேள்விகளெல்லாம் ஆவியின் மறைவில் ஒளிந்துகொள்கின்றன.

ஆகவே, பிள்ளைகள் அச்சித்திரத்தொடரைப் பார்க்கட்டும். தடுக்கவேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். நல்ல கதை அது. சக்திக்கு விலை உண்டு, அந்த விலையை ஏவினவன் கொடுப்பதில்லை, ஏவப்பட்டவனே கொடுக்கிறான் என்ற உண்மையை மாயத்தின் வாயிலாகச் சொல்லுகிறது. ஆனால் பார்த்து முடித்தபின், தகப்பன்மாரும் ஆசிரியர்களும் அவர்களைக் கிரீன் லேனுக்கு ஒருநாள் அழைத்துச் செல்லட்டும். இந்தப் பள்ளியில் படித்த ஒற்றர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு முகமூடியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, பெயர் இருந்தது என்று சொல்லட்டும். அப்பெயர்களையும் சொல்லிக் கொடுக்கட்டும். ஜப்பானியரை நம்பியது சரியா தவறா என்ற விவாதத்தையும் மறைக்கவேண்டாம். பிள்ளைகள் தாமே எண்ணித் துணியட்டும்.

ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது என்றார் வள்ளுவர். மறைபொருள் மறைவாக இருக்கவேண்டிய காலத்துக்குச் சொன்ன விதி அது. 1943-இல் தூக்குமேடை ஏறியவர்களிடம் இனி மறைக்கவேண்டிய பொருள் ஒன்றுமில்லை. அவ்விதியின் காலம் முடிந்தது. நம் கடமையின் காலம் மட்டும் இன்னும் முடியவில்லை.