அமெரிக்காவிலிருந்து நம் முன்னோர்கள் எடுத்துக்கொண்டது எது?



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு அமெரிக்க விடுதலை வரலாற்றைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். செம்பரம்பாக்கத்தில் கூடியிருக்கும் நமக்குப் பாஸ்டனும் பிலடெல்பியாவும் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த சீனிவாசன், 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். அங்கே இருவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கை மனுவில் அமெரிக்கச் சட்டங்கள் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தன. அவை அமெரிக்கா விடுதலை பெற்ற 1776ஆம் ஆண்டைச் சேர்ந்தவை அல்ல. அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் பிந்தியவை. ஏன் அப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரே கம்பெனி

1756 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரான்சும் உலகெங்கும் சண்டையிட்டன. அந்தப் போர் வட அமெரிக்காவிலும் நடந்தது, நம் வந்தவாசியிலும் நடந்தது. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடமிருந்து செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றுக்கொண்டது. இன்று நாம் உட்கார்ந்திருக்கும் வட்டாரம் கம்பெனிக்குப் போனது அப்போதுதான்.

அமெரிக்காவில் போர்ச் செலவை ஈடுகட்ட, அங்கே குடியேறியிருந்த தன் மக்கள் மீதே பிரிட்டன் வரி போட்டது. 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தங்களுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லாதபோது அது எப்படி வரி போடலாம் என்று குடியேறியவர்கள் கேட்டார்கள். 1773இல் நட்டத்தில் தத்தளித்த கம்பெனியைத் தூக்கிவிட, அதன் தேயிலைக்குத் தனிச் சலுகை தரப்பட்டது. அந்த டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை, செங்கல்பட்டு ஜாகீரை வைத்திருந்த அதே கம்பெனியின் சரக்கு. 1775இல் போர் வெடித்தது. 1776 ஜூலை 4 அன்று 13 குடியேற்றங்கள் விடுதலைப் பிரகடனம் செய்தன. 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸ்தான் ஐந்தாண்டு கழித்து நமக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார்.

பேரரசை விட்டு விலகியதும் நாடு அமைந்துவிடவில்லை. 13 மாநிலங்களின் முதல் கூட்டமைப்புக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. போர்க் கடன் கழுத்தை நெரித்தது. 1786இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள், முன்னாள் போர்வீரர் டேனியல் ஷேஸ் உள்ளிட்டோர் தலைமையில் ஆயுதம் ஏந்தினார்கள். சொத்துள்ளவர்கள் பயந்துபோனார்கள். 1787இல் பிலடெல்பியாவில் 55 பேர் கூடிப் புதிய அரசியலமைப்பை எழுத, செப்டம்பர் 17 அன்று அவர்களில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். 1789இல் வாஷிங்டன் தலைமையில் தேசிய அரசு அமைந்தது.

எழுதாமலே காப்பாற்றியது

அந்த 55 பேரில் ஒரு பெண் இல்லை, ஓர் அடிமை இல்லை, ஒரு பழங்குடி இல்லை. அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்தவர்கள் பலர் இருந்தார்கள். 1790 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 39 லட்சம் பேர். அவர்களில் 7 லட்சம் பேர் அடிமைகள். எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள்.

அவர்கள் எழுதிய அரசியலமைப்பில் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்திலும் வராது. ஆனால் அடிமைமுறையைக் காக்கும் ஏற்பாடுகள் வெளிப்படையாகவே இருந்தன. மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிக்கொள்ள வேண்டும். ஓட்டு அடிமைக்குக் கிடையாது. அவன் தலையை எண்ணியதால் வந்த கூடுதல் இடம் ஆண்டைக்கு. அடிமை இறக்குமதியை 1808 வரை தடை செய்யக் கூடாது. தப்பி ஓடியவரை எந்த மாநிலமும் பிடித்துத் திருப்பித் தர வேண்டும். ஒருவரின் தலையை எண்ணி இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் இந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேரரசின் பக்கமா, தேசத்தின் பக்கமா?

1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கலகக்காரர்களின் அடிமைகள் அரசர் பக்கம் வந்து ஆயுதம் ஏந்தினால் விடுதலை. போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். டன்மோரிடமும் அடிமைகள் இருந்தார்கள். அவருக்கு வேண்டியது படை. ஓடிப்போனவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் தேசத்தின் பெயரால் பேசியவன் கையில் சாட்டை இருந்தபோது, அவர்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், இதே கேள்வியை வைத்துத்தான் சீனிவாசனையும் அயோத்திதாசப் பண்டிதரையும் நீண்டகாலம் ஏசினார்கள். 1891இல் பறையர் மகாஜன சபையையும் 1893இல் 'பறையன்' பத்திரிகையையும் தொடங்கியவர் சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதை எதிர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் கலெக்டர் நாற்காலியில் யார் உட்காருவார், அவர் முன்னால் சேரிக்காரன் மனு எப்படிப் போகும் என்பது அவர் கவலை. 'தேசத்துரோகம்' என்று பெயர் சூட்டியவர்கள் அந்தக் கவலைக்குப் பதில் சொல்லவில்லை.

பேரரசு நம்மை விடுவித்தது என்று நான் சொல்லவில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பது நின்றது. பண்ணையாள் முறை நிற்கவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் படியுங்கள். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை நிற்கும் மனைகூடக் குடியிருப்பவனுக்குச் சொந்தமில்லை. நூறு ஆண்டுக்கு மேல் வரி வாங்கிய அரசு, கூலிக்காரன் காலுக்கு அடியில் ஒரு முழம் நிலம்கூட இல்லாததை அப்போதுதான் எழுதிப் பார்த்தது.

1865க்குப் பிந்திய அமெரிக்கா

பிலடெல்பியாவில் எழுதாமல் விட்டதற்கு அமெரிக்கா உள்நாட்டுப் போரில் விலை கொடுத்தது. 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இன் 14ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் தந்தது. 1870இன் 15ஆம் திருத்தம் இனத்தின் பேரால் ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அமெரிக்கா என்றதும் அவர் நினைவுக்கு வந்தது அந்த விடுதலைதான்.

வட்டமேசை மாநாட்டுக்குப் போன நம் இருவரும் அதையேதான் எடுத்தார்கள். அவர்கள் கொடுத்த மனுவில் எட்டு நிபந்தனைகள். முதலாவது, சமமான குடியுரிமை. அதற்கு ஆதாரம் 14ஆம் திருத்தம். உரிமையை மறுப்பவனுக்குத் தண்டனை வேண்டும் என்பதற்கு ஆதாரம், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இலும் 1875இலும் இயற்றப்பட்ட சட்டங்கள். 1875 சட்டம் விடுதிகள், வண்டிகள், நாடக அரங்குகள் ஆகியவற்றைச் சொல்கிறது. நம்மவர்களின் மனுவில் அதோடு பள்ளிக்கூடம், சாலை, தெரு, குளம், கிணறு எல்லாம் சேர்ந்தன. சென்னைச் சட்டமன்றத்தில் 1924லேயே பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் சீனிவாசன். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் பிரிவுகளை 1922ஆம் ஆண்டு பர்மாச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எங்கே நல்ல கருவி கிடைத்தாலும் எடுத்து, நம் ஊர்க் காயத்துக்கு ஏற்றபடி தீட்டிக்கொள்வது அவர்கள் முறை.

அந்த 1875 சட்டத்தின் கதியையும் கவனிக்க வேண்டும். 1883இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 14ஆம் திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் ஒதுக்கினால் கேட்க முடியாது என்றது தீர்ப்பு. விடுதிக்காரனும் ரயில் கம்பெனியும் தப்பித்துக்கொண்டார்கள்.

எழுதி ஒழித்தது

இனி நம் அரசியல் நிர்ணய சபைக்கு வருவோம். அதுவும் வயதுவந்தோர் எல்லோரும் ஓட்டுப் போட்டு அமைந்த சபை அல்ல. சொத்தும் படிப்பும் உள்ளவர்கள் மட்டும் ஓட்டளித்த மாகாணச் சட்டமன்றங்கள், 1946இல் அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. 1932இன் பூனா ஒப்பந்தம் 148 இடங்களை, அவற்றில் சென்னை மாகாணத்துக்கு 30ஐ, ஒதுக்கியது. ஆனால் இறுதித் தேர்தல் பொதுத் தொகுதியில். நம் என். சிவராஜ் தலைவராக இருந்த பட்டியல் சாதியினர் சம்மேளனம் 1946 தேர்தலில் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது. அம்பேத்கருக்குப் பம்பாயில் வழி அடைபட்டது. ஜோகேந்திரநாத் மண்டலின் துணையால் வங்காளத்திலிருந்து உள்ளே போனார். பிரிவினையில் அந்த இடமும் போய், 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து வந்தார். ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழு அமைந்தது. சீனிவாசன் இதைப் பார்க்க இல்லை. 1945 செப்டம்பரில் அவர் காலமாகிவிட்டார்.

பிலடெல்பியாவில் நடக்காத ஒன்று டெல்லியில் நடந்தது. ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் உள்ளே இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வி.ஐ. முனுசாமிப் பிள்ளை இருந்தார். சபையின் ஒரே தலித் பெண்ணான தாட்சாயணி வேலாயுதனும் இங்கிருந்துதான் போனார். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவு நிறைவேறியது. அதுவே இன்றைய 17ஆம் பிரிவு. அங்கே 'அடிமை' என்ற சொல்லை மறைத்து அடிமைமுறையைக் காப்பாற்றினார்கள். இங்கே 'தீண்டாமை' என்ற சொல்லை எழுதி, அது ஒழிக்கப்பட்டது, கடைப்பிடித்தால் குற்றம் என்றார்கள். அதைக் கடைப்பிடிப்பவர் அரசா, தனியாரா என்ற பேதம் அதில் இல்லை. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை என்று பெயர் சொல்லிப் பேசுகிறது. 23ஆம் பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. ஒரு தேசத்தின் அரசியலமைப்பில் கிணறும் படித்துறையும் ஏன் இருக்கின்றன என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும். 1883இல் அமெரிக்காவில் தப்பித்த விடுதிக்காரன் இங்கே தப்பிக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

எழுதப்படாமல் நின்றது

ஆனால் ஒரு பகுதி எழுதப்படவில்லை. 1947இல் சம்மேளனத்தின் சார்பில் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவை அளித்தார். நாட்டுக்கு அதில் அவர் வைத்த பெயர் இந்திய ஐக்கிய நாடுகள். பெயர் அமெரிக்கச் சாயலில் இருந்தாலும் உள்ளடக்கம் வேறு. விவசாய நிலமும் முக்கியத் தொழில்களும் அரசுடைமை; நிலம் சாதி பாராமல் கிராமத்தாரிடம் கூட்டுப்பண்ணையாகக் குத்தகைக்கு. அரசு ஒதுங்கிக்கொண்டால் அந்தச் சுதந்திரம் நிலக்கிழாருக்கும் முதலாளிக்கும்தான் போகும் என்பது அவர் வாதம். அது ஏற்கப்படவில்லை. 1949 நவம்பர் 25 உரையில், அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வுமாக நாம் முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று எச்சரித்துவிட்டே அமர்ந்தார்.

அமெரிக்காவிலும் இதே இடத்தில்தான் விடுதலை முடமானது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மனின் உத்தரவால் கடற்கரைப் பகுதியில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய உடைமையாளர்களுக்குத் திருப்பிவிடத் தொடங்கினார். நம் கதை வேறா? டிரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் பஞ்சமர்க்கே விற்கலாம் என்ற நிபந்தனையோடு வந்த நிலம் அது. அது யார் யார் கைக்குப் போனது? அதை மீட்கக் கரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். இன்று ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எங்கும் சிப்காட் வேலிகள். வயலில் கூலியாக நின்றவரின் பேரப்பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளியாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார். நிலம் விலை ஏறிய காலத்தில் அது நம் கையில் இல்லை.

தொழிற்சாலைக்குள்ளும் அதே கேள்விதான். தொழிற்சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை 1943இல் கொண்டுவந்தவர், அப்போது வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர். 1947இல் அது சட்டமாகியும் நடைமுறைக்கு வரவேயில்லை. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் முன்வைத்த முதன்மைக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் சங்கம் அமைக்கும் உரிமையை, எழுதி எழுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும், பந்தலில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

தோழர்களே, பேரரசு போவதும் தேசம் வருவதும் நமக்குத் தானாக எதையும் தந்துவிடாது. அடித்தளம் எழுதப்படும் அறையில் யார் இருந்தார்கள், எந்தச் சொல் எழுதப்பட்டது, எது விடப்பட்டது என்று பார்க்கக் கற்றுத் தந்தவர்கள் நம் முன்னோர்கள். எழுதியதைக் காப்பது ஒரு வேலை. விடுபட்டதை எழுதவைப்பது இன்னொரு வேலை. மாணவர்கள் உங்கள் ஊர் 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். நிபந்தனைப் பட்டா நிலம் எந்தப் புல எண்ணில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஊர்வாரியாகப் பட்டியல் எடுங்கள். லண்டனுக்கு மனு எடுத்துப் போனவர்களும் முதலில் இப்படித்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள்.