இலை மட்டும் வருதா... பூ எங்கே? வீட்டுக்கு ஏற்ற 4 பசுமைக் கொடிகள்!

நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். ஆசையாக வாங்கி வந்து வைத்தால், இலையாகத் தழைக்கும்; பூவை மட்டும் காணோம். பெரும்பாலும் இதற்குக் காரணம், வைத்த இடம்தான். கொடி வாங்குவதற்கு முன், உங்கள் மாடியிலோ பால்கனியிலோ எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்று ஒருநாள் கவனியுங்கள். அதற்கேற்ற கொடியைத் தேர்ந்தெடுங்கள்.

காகிதப்பூ

மொட்டைமாடிக்கு பெஸ்ட் சாய்ஸ். தினமும் 6 மணி நேர வெயிலாவது வேண்டும். நாம் பூ என்று நினைக்கும் கலர்ஃபுல் பகுதி, உண்மையில் உருமாறிய இலை. நடுவில் இருக்கும் குட்டி வெள்ளைதான் பூ! மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். பாசத்தில் தினமும் ஊற்றினால் இலைதான் மிஞ்சும். இது தானாகச் சுற்றி ஏறாது, கட்டிவிடணும். முள் உண்டு, நடக்கிற வழியில் வேண்டாம்.

சங்குப்பூ

வாடகை வீட்டு பால்கனிக்கு ஏற்றது. வெயில் விழும் பக்கம் ஒரு தொட்டியும் மெல்லிய கயிறும் போதும். விதையை ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். காய்களை அவ்வப்போது பறித்தால் பூ தொடர்ந்து வரும்.

ரங்கூன் மல்லி

மாலையில் வெள்ளையாக விரிந்து, பிங்க்காகி, சிவப்பாக மாறும். ஒரே கொத்தில் மூன்று கலர்! இரவில் வாசனை செமையாக இருக்கும். ஆனால், நன்றாகக் கனக்கும் கொடி இது. தரையில் நட்டு, உறுதியான இரும்புப் பந்தலில் ஏற்றுங்கள். கரன்ட் கம்பி பக்கம் போகவே விடாதீங்க.

பூண்டுக் கொடி

இலையைக் கசக்கினால் பூண்டு வாசம். பூவோ இளம் ஊதா. அரை நிழலையும் தாங்கும். வெயில் கூடினால் பூவும் கூடும்.

வெட்டத் தயங்காதீங்க!

காகிதப்பூ, ரங்கூன் மல்லி, பூண்டுக் கொடி மூன்றும் புதுத் தளிரில்தான் பூக்கும். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள். யூரியா போட்டால் இலைதான் பெருகும். மக்கிய தொழு உரமே போதும். மாவுப்பூச்சி தெரிந்தால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ இருக்கும் வீடா? மஞ்சள் பூ அழகாக இருக்கிறதே என்று அலமண்டா வாங்கிவிடாதீங்க. அதன் பால் தோலில் எரிச்சல் தரும். உள்ளே போனால் நஞ்சு.