அரிசியும் கீர்த்தனையும்: தியாகராஜரின் திருவையாறு

காவிரிப் படுகையில் தெலுங்கு அவைமொழியாகவும் இசைமொழியாகவும் வேரூன்றியது தஞ்சை நாயக்கர் காலத்தில் (1532–1673). அவர்களுக்குப் பின் வந்த மராத்தியரும் அம்மரபைக் கைவிடவில்லை. ஷாஹஜி மன்னர் (1684–1712) தாமே தெலுங்கில் யட்சகானங்களை, அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகங்களை, இயற்றினார். அரண்மனையில் செழித்த இம்மொழியை அக்கிரகாரத் தெருவின் தத்துவ மொழியாக்கியவர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றுத் திருமஞ்சன வீதியில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847).

அரசவைக்கு வருமாறு இரண்டாம் சரபோஜி மன்னர் விடுத்த அழைப்பை அவர் மறுத்த கதை பலரும் அறிந்ததே. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய், மன்னர் வசம் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே எஞ்சியிருந்தன என்பதைக் கதை சொல்வோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். மறுத்தவர் எதைக் கொண்டு வாழ்ந்தார் என்பதே வரலாற்றுக்கு உரிய கேள்வி. உஞ்சவிருத்தி, அதாவது தம்புராவை மீட்டி நாமம் பாடியபடி தெருவில் நடந்து, வீட்டார் சொம்பிலிடும் அரிசியை அன்றன்றைய தேவைக்கு மட்டும் ஏற்கும் முறை, அவருக்குச் சோறிட்டது. நிலப்பங்கு உடைய மிராசுதார் வீடுகளில் நெல் நிறைந்திருந்த இவ்வட்டாரத்தில்தான் அத்தகைய துறவு இல்லறத்தோடு ஒத்துப்போக முடிந்தது எனக் கருதலாம்.

ஆந்திர நாட்டு வேமனர் ‘ஆடவெலதி’ என்னும் சிறு யாப்பில் ஊராரின் போலிப் பக்தியைச் சாடினார். தியாகராஜரும் அதையே சாடினாலும், அவரது பாடல்களில் பல தம் மனத்தையே முன்னிலைப்படுத்தி வழக்காடுவன, சில இராமனையே உரிமையோடு கடிந்துகொள்வன. மன அமைதியில்லாத வேள்வியும் கல்வியும் பயனற்றவை, நாதத்தை வழிபடும் நாதோபாசனையே வீட்டுநெறி என்ற கருத்து அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. சங்கதி எனப்படும், ஒரே சொற்றொடரைப் படிப்படியாக விரித்துப் பாடும் முறையால் இந்த வழக்காடல் இன்னும் அழுத்தம் பெறுகிறது. எழுத்தில் மட்டும் படிப்பவருக்கு அது பாதிதான் கிட்டும். அசாவேரி ராகக் கீர்த்தனை ஒன்றில் காவிரி ஓரிடத்தில் அஞ்சத்தக்க முழக்கத்தோடும், ஓரிடத்தில் நிறைந்த கருணையோடும் பாய்ந்து, அரங்கனைக் கண்டு, திருவையாற்று ஐயாறப்பரை நாடி விரைகிறாள். வழியில் வேறுபாடு பாராமல் எல்லோர் விருப்பத்தையும் நிறைவேற்றுகிறாள். புராண அணிகளுக்கிடையே தாம் நாள்தோறும் நீராடிய ஆற்றையே கவிஞர் பார்த்திருக்கிறார்.

இப்பாடல்கள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை ஆகிய மூன்று சீடர் வழிகளில் பரவின. ஒரே கீர்த்தனைக்குப் பாடபேதங்கள் காணப்படுவது இதனால்தான். மூன்றனுள் எழுதிக் காப்பதில் முந்தியது, அய்யம்பேட்டையில் வாழ்ந்து பின்னர் வாலாஜாபேட்டைக்குக் குடிபெயர்ந்த வேங்கடரமண பாகவதரின் வழி. சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவரது குடும்பத்தார் எழுதிவைத்த தெலுங்குச் சுவடிகள் பின்னாளில் மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன.