அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினையும் தேர்ச்சி ஏற்றத்தாழ்வும்

அமெரிக்காவில் அரசு நிதியால் நடக்கும் பொதுப்பள்ளிகளில் கறுப்பின மாணவரை வெள்ளையரிடமிருந்து பிரித்து வைத்த முறை, 1896இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்னும் கோட்பாட்டால் சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. ஆனால் சமம் என்பது ஏட்டளவிலேயே நின்றது. தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் வெள்ளையர் பிள்ளைகளுக்குப் பேருந்துகள் ஓட, கறுப்பினப் பிள்ளைகள் நெடுந்தொலைவு நடந்தே படிக்கச் சென்றனர். ஒரு பேருந்து கேட்டு அவர்களுடைய பெற்றோர் தொடங்கிய போராட்டம், பின்னர் பிரௌன் வழக்கு எனப் பெயர்பெற்ற வழக்குத் தொகுதியில் ஒன்றாக வளர்ந்தது. வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் பெற்றோர் தரப்பில் வாதாடிய அவ்வழக்கில், பிரித்து நடத்தும் பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என 1954 மே 17 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்குப் பணிய மறுத்த வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம், 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகளையே மூடி வைத்ததால், கறுப்பினக் குழந்தைகள் பலர் அந்த ஆண்டுகளின் படிப்பை அடியோடு இழந்தனர்.

சட்டம் மாறிய பின்னும் பணம் பிரித்தது. அமெரிக்கப் பள்ளிகள் பள்ளி வட்டாரம் எனப்படும் உள்ளூர் நிர்வாகப் பிரிவுகளின் சொத்துவரியைப் பெரிதும் நம்பியிருப்பவை. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் மெக்சிகோ வம்சாவளியினர் மிகுந்த எட்ஜ்வுட் வட்டாரத்தால், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி விதித்தும் மாணவர் ஒருவருக்கு 26 டாலரே திரட்ட முடிந்தது. வெள்ளையர் மிகுந்த ஆலமோ ஹைட்ஸ் வட்டாரமோ வெறும் 85 சென்ட் வரியில் 333 டாலர் திரட்டியது. ஏழைகள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் குறைவாகப் பெற்ற இந்த அநீதி அரசியலமைப்புக்கு முரணன்று என 1973இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் கூறியது.

மறு ஆண்டே, டெட்ராய்ட் நகரம் தொடர்பான மில்லிகன் வழக்கில், பிரிவினைக்குத் தாமே காரணமாக இராத புறநகர் வட்டாரங்களை நகரப் பள்ளிகளோடு இணைத்து மாணவரைக் கலக்குமாறு ஆணையிட முடியாது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசதி படைத்த வெள்ளையர் புறநகருக்குக் குடிபெயர்ந்திருந்த நிலையில், வட்டார எல்லைக்கோடே புதிய மதிலாயிற்று.

தேசிய அளவிலான கற்றல் மதிப்பீட்டுத் தேர்வுகளில் கறுப்பின மாணவருக்கும் வெள்ளையின மாணவருக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி 1970களிலும் 1980களிலும் குறைந்து, பின்னர் அதே வேகத்தில் குறையாமல் தேங்கியது. இதைப் பிள்ளைகளின் திறமைக் குறைவாகக் காண்பது தவறு. ஷான் ரியர்டன் முதலிய ஆய்வாளர்கள், வறிய குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் குவிக்கப்படுவதோடு அந்த இடைவெளி நெருக்கமாகத் தொடர்புற்றிருப்பதைக் காட்டியுள்ளனர். குவிப்பை உடைக்க வட்டார எல்லையைத் தாண்டியாக வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்கும் மில்லிகன் தீர்ப்போ இன்றும் மாற்றப்படவில்லை.