ஒரே வீட்டில் பிறந்த இரண்டு கேம்கள்

1/ "மாமா, ஒரே வழியில போற கேமெல்லாம் ஒரு கேமா? ஓப்பன் வேர்ல்டுல எங்க வேணா போலாம். அதான் சுதந்திரம்!" போன வாரம் அக்கா பையன் சொன்னது. நைட் டூட்டி முடிச்சு வந்த அலுப்புல பதில் சொல்லல. இன்னிக்கு ஓ.பி. சீக்கிரம் முடிஞ்சது, சொல்றேன். இது மருத்துவப் பதிவு இல்ல மக்களே, வரலாறு. கொஞ்சம் நீளம்.

2/ 80களின் தொடக்கத்துல வீடியோ கேம்னா நிறைய பேருக்கு ஆர்கேடுதான். காசு போட்டா மூணு உயிர். நீங்க சீக்கிரம் தோத்தாத்தான் அடுத்த காசு விழும். சாவகாசமா ஊர் சுத்திப் பார்க்க விட்டா கடைக்காரருக்குக் கட்டுப்படி ஆகாது. வீட்டுக்கு வந்த கேம்களும் அந்தப் பழக்கத்தையே கூட்டிட்டு வந்தன.

3/ அதை உடைச்சது 1984ல் வந்த 'எலைட்'. எழுதினவங்க டேவிட் பிரேபன், இயன் பெல்னு ரெண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள். விண்கலத்துல வியாபாரமும் பண்ணலாம், கொள்ளையும் அடிக்கலாம். அது ஓடின பிபிசி மைக்ரோவோட நினைவகம் 32 கிலோபைட். அதுக்குள்ள 8 கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 கோள்கள்! இத்தனையையும் சேமிக்க இடமேது? ஒரு சின்ன எண்ணுல ஆரம்பிச்சு, கணக்குப் போட்டு, தேவைப்படும்போது உருவாக்கிக்கிட்டாங்க.

4/ இப்போ ஜப்பான். 1985 செப்டம்பரில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. 1986 பிப்ரவரியில் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'. ரெண்டும் நின்டெண்டோ. ரெண்டுக்கும் பின்னாடி ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே காலத்துல வளர்ந்தவை. லீனியரும் ஓப்பன் வேர்ல்டும் எதிரிகள்னு சண்டை போடுறவங்க இதைக் கவனிக்கணும்.

5/ மாரியோவுல போற திசை வலப்பக்கம் மட்டும். தாண்டி வந்த இடத்துக்குத் திரும்ப முடியாது, திரை விடாது. மேலே கடிகாரம் வேற ஓடும். ஆனா முதல் கட்டத்தை நினைச்சுப் பாருங்க. எதிர்ல ஒரு கூம்பா நடந்து வரும். குதிச்சா தப்பிக்கலாம், இல்லன்னா சாவு. யாரும் விளக்கம் சொல்லல, மூணு நொடியில பாடம் முடிஞ்சது. வழி ஒண்ணே ஒண்ணா இருந்ததாலதான் அப்படிச் சொல்லித்தர முடிஞ்சது.

6/ செல்டாவோட முதல் திரையில கையில ஆயுதமே கிடையாது. மூணு பக்கம் வழி, மேலே ஒரு கறுப்புக் குகை. குகைக்குள்ள போனா பெரியவர் வாள் தருவார். போகாம அப்படியே கிளம்பினாலும் கேம் தடுக்காது. சின்ன வயசுல கியோட்டோ பக்கத்துக் கிராமப்புறத்துல குகையும் காடுமா அலைஞ்ச நினைவுதான் இதுக்கு விதைன்னு மியாமோட்டோவே சொல்லியிருக்கார்.

7/ சரி, செல்டாவால மட்டும் எப்படி முடிஞ்சது? ஒரு பெரிய காரணம், சேவ். ஃபாமிகாம் டிஸ்க்குல எழுதி வைக்கலாம். 1987ல் அமெரிக்கா போனப்போ தங்க நிறக் கார்ட்ரிட்ஜுக்குள்ள பேட்டரியே வச்சாங்க. விட்ட இடத்துல நாளைக்குத் தொடரலாம்னாத்தான் இன்னிக்கு நிம்மதியா தொலைஞ்சு போக முடியும்.

8/ இது எங்க தலைமுறைக்கு நல்லாப் புரியும். எங்க வீட்டு 'டிவி கேம்' கார்ட்ரிட்ஜுல மாரியோ இருந்தது, செல்டா இல்ல. சேவ்னா என்னன்னே தெரியாது. எட்டாவது உலகத்துல நிக்கும்போது கரண்ட் போகும். வந்ததும் மறுபடி முதல் கூம்பா. அழுதிருக்கேன்!

9/ அடுத்து வந்த செல்டாக்கள் மெல்ல மெல்ல வழி குறுகின. 2011ல் 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' வந்தப்போ ரொம்பக் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போகுதுன்னு விமர்சனம். 2013ல் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா, நிலவறைகளை வரிசைப்படி முடிக்கணும்கிற வழக்கத்தையே மறுபரிசீலனை பண்றோம்னு அறிவிச்சார். 2017ல் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'. ஆரம்பப் பகுதி முடிஞ்சதும் நேரா கடைசி வில்லன்கிட்டயே போகலாம்.

10/ ஆனா அந்த ஆரம்பப் பகுதி என்ன தெரியுமா? சுத்திலும் செங்குத்துச் சரிவுள்ள ஒரு மேட்டுநிலம். பாராகிளைடர் கிடைக்கிற வரைக்கும் இறங்க முடியாது. பறக்க விடுறதுக்கு முன்னாடி பழக்குறாங்க. வெளியே வந்தாலும் நிலமே வழிகாட்டும். குன்றுகளை முக்கோணமா வச்சாங்க. பின்னாடி இருக்கிறதை அது மறைக்கும். ஏறலாமா, சுத்திப் போகலாமான்னு யோசிப்பீங்க, சுத்தி வந்ததும் புதுசா ஒண்ணு தெரியும். 'நானே கண்டுபிடிச்சேன்'னு நாம துள்ளுற இடமெல்லாம் யாரோ யோசிச்சு வச்சதுதான்.

11/ என் தொழில்லயும் ரெண்டும் உண்டு. ஓ.பி.யில "சொல்லுங்க, என்ன பண்ணுது?"ன்னு கேட்டு நோயாளியை அவர் போக்குல பேச விடுவேன். ஆனா காது அங்கங்க திருப்பிவிட்டுக்கிட்டே இருக்கும். இதயம் நின்னு ஒருத்தரைக் கொண்டுவந்தா அடுத்து என்னன்னு வரிசை உண்டு, அதை மீற மாட்டேன். முதலாவதைச் சுதந்திரம்னும் ரெண்டாவதை அடிமைத்தனம்னும் எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

12/ அதனால மாப்ள, உன் ஓப்பன் வேர்ல்டு நல்லாவே இருக்கட்டும். நைட் டூட்டி முடிஞ்ச எனக்குக் கிடைக்கிறது அரை மணி நேரம். முன்னூறு ஐகான் இருக்கிற மேப்பைப் பார்த்தா இன்னொரு வார்டு ரவுண்ட்ஸ் மாதிரி இருக்கு. அந்த நேரத்துக்கு, வலப்பக்கம் ஓடுற மீசைக்காரர் போதும். ஞாயித்துக்கிழமை வா, சேர்ந்து ஆடலாம். இப்போ கரண்ட் போனாலும் பயமில்ல.